பாலின் லாபம் வயலில் விளைகிறது

2018-19ஆம் வேளாண் ஆண்டில் இந்தியாவின் சராசரி வேளாண் குடும்பம் மாதத்துக்கு 10,218 ரூபாய் சம்பாதித்தது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 77ஆவது சுற்று ஆய்வு தந்த கணக்கு இது. அதில் கூலி வேலையில் வந்தது 4,063 ரூபாய், பயிரில் வந்தது 3,798 ரூபாய், ஆடு மாடு கோழியில் வந்தது 1,582 ரூபாய். ஆறு ஆண்டுகளுக்கு முன், 2012-13இல், பயிர் வருமானம் 3,081 ரூபாயாகவும் கால்நடை வருமானம் 763 ரூபாயாகவும் இருந்தன. பயிரின் வருமானம் கால் பங்குகூட உயரவில்லை. அந்த ஆறு ஆண்டு விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் அது இறங்கியே இருக்கிறது. கால்நடை வருமானமோ இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது.

இந்த எண்களைப் பார்த்தவுடன் ‘அப்படியானால் இன்னும் இரண்டு மாடு வாங்கிக் கட்டு’ என்று விவசாயிக்குச் சொல்லத் தோன்றும். பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அதே ஆய்வு இன்னொரு கணக்கையும் தருகிறது. கையிலிருந்து காசாகப் போன செலவை மட்டும் கழித்தபோது வந்த தொகைதான் 1,582. காசு கொடுக்காமல் கிடைத்த இடுபொருள்களுக்கும் ஒரு மதிப்புப் போட்டு அதையும் செலவில் சேர்த்தால் கால்நடை வருமானம் மாதம் 441 ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே நிற்பது 1,141 ரூபாய். கடையில் வாங்காமல் வரப்பிலும் வைக்கோல்போரிலும் வேலியோரத்திலும் கிடைத்தவற்றின் மதிப்பு அதில் அடங்கியிருக்கிறது. சிறு விவசாயிக்கு மாட்டில் கிடைக்கும் லாபத்தின் பெரும்பகுதி மாட்டிடம் பிறப்பதில்லை, வயலில் விளைகிறது. இதை மறந்து மாடு வாங்குகிறவர்தான் இரண்டே வருடத்தில் மாட்டை விற்றுவிட்டு, ‘பால்மாடு கட்டுப்படி ஆகாது’ என்கிறார். அவர் சொல்வதும் உண்மைதான். அவருடைய மாடு அவர் வயலோடு சேரவே இல்லை.

தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கருக்கும் குறைவு. நில உடைமைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று குறு, சிறு விவசாயிகளுடையவை. இந்த அளவு நிலத்தில் நெல்லை மட்டுமோ கடலையை மட்டுமோ நம்பி ஒரு குடும்பம் வருடம் முழுக்கச் சாப்பிட முடியாது என்பதற்கு ஆய்வு வேண்டியதில்லை. கேள்வி, அந்த இரண்டு ஏக்கரில் மாட்டை எப்படிப் பொருத்துவது என்பதுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு கலப்பினப் பசு நாளொன்றுக்கு 8 லிட்டர் கறக்கிறது. 2022 நவம்பரில் ஆவின் அறிவித்த கொள்முதல் விலையான லிட்டர் 35 ரூபாயை வைத்துக்கொண்டால் வரவு 280 ரூபாய். அதற்கு 4 கிலோ அடர்தீவனம், 20 கிலோ பசுந்தீவனம், 5 கிலோ வைக்கோல் வேண்டும். விலை ஊருக்கு ஊர் மாறும். அடர்தீவனம் கிலோ 30 ரூபாய், பசும்புல் 4 ரூபாய், வைக்கோல் 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கினால் 120, 80, 40 ஆக மொத்தம் 240 ரூபாய். மிச்சம் 40 ரூபாய். ஒரு நாளில் இரண்டு கறவை, தண்ணீர் காட்டுவது, சாணி அள்ளுவது எல்லாவற்றுக்கும் கூலி அந்த நாற்பதுதான். புல்லும் வைக்கோலும் சொந்த நிலத்தில் விளைந்தால் மிச்சம் 160 ரூபாய். பசுந்தீவனத்தில் பாதி பயறுவகையாக இருந்தால் அடர்தீவனத்தில் ஒரு கிலோவைக் குறைக்கலாம், மிச்சம் 190 ஆகும். அதே மாடு, அதே பால், அதே விலை. நாற்பதுக்கும் நூற்றுத் தொண்ணூறுக்கும் உள்ள வித்தியாசத்தை நிலம்தான் கொடுத்தது.

சொந்தப் புல் இலவசம் இல்லை, அது நிலத்தைப் பிடிக்கிறது. அதையும் கணக்கில் எடுப்போம். கோ-4, கோ-5 போன்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவில், ஹெக்டேருக்கு வருடம் 360 டன்னைத் தொடும். பல்கலைக்கழகப் பண்ணையில் வருவது நம் தோட்டத்தில் வராது, பாதி என்று வைத்துக்கொள்வோம். அப்படியும் 10 சென்ட் நிலம் நாளொன்றுக்கு 20 கிலோ புல் தரும். ஒரு பசுவுக்கு அது போதும். அந்தப் பத்து சென்ட்டில் நெல் போட்டிருந்தால் இரண்டு போகத்திலும் சேர்த்து 400 கிலோ வந்திருக்கும். 2024-25க்கு ஒன்றிய அரசு சாதாரண நெல்லுக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். அதன்படி 9,200 ரூபாய், அதுவும் செலவு கழிக்காமல். புல்லோ தினம் 80 ரூபாய் தீவனச் செலவை மிச்சப்படுத்துவதால் வருடத்துக்கு 29,200 ரூபாய் ஆகிறது. ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. இந்தப் புல் தண்ணீரை நிறையக் கேட்கும். கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்கிற இடத்துக்குத்தான் இந்தக் கணக்கு செல்லும். மானாவாரிக் காட்டுக்கு வேறு வழி இருக்கிறது, அதற்குப் பின்னால் வருவோம்.

இனி வைக்கோல். மனிதன் தின்ன முடியாத ஒன்றைப் பாலாக்குவதுதான் மாட்டின் முதல் திறமை, அது நடக்கும் இடம் அதன் முதல் இரைப்பை. அசையூண் இரைப்பை எனப்படும் இது, வளர்ந்த பசுவில் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். ஏறக்குறைய 39 டிகிரி வெப்பம், காற்று நுழையாத இருட்டு, ஒரு மில்லி லிட்டரில் ஆயிரம் கோடி என்ற கணக்கில் பாக்டீரியா. கூடவே புரோட்டோசோவாவும் பூஞ்சைகளும் உண்டு. வைக்கோலில் இருக்கும் செல்லுலோஸை உடைக்கும் நொதி மாட்டின் உடம்பில் இல்லை, இந்த நுண்ணுயிர்களிடம்தான் இருக்கிறது. அவை செல்லுலோஸைப் புளிக்கவைத்து அசிட்டிக் அமிலம், புரோபியோனிக் அமிலம், பியூட்டிரிக் அமிலம் ஆகியவற்றை வெளியிடுகின்றன. மாடு அந்த அமிலங்களை உறிஞ்சித்தான் உயிர் வாழ்கிறது. பிறகு அந்த நுண்ணுயிர்களும் அடுத்தடுத்த இரைப்பைகளுக்கு நகர்ந்து, செரித்து, மாட்டுக்குப் புரதமாகின்றன. அதனால் தீவனம் போடும் நாம் முதலில் ஊட்டுவது மாட்டுக்கு அல்ல, அதன் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கு.

நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் வேண்டும். தீவனத்தில் புரதம் ஏறக்குறைய 7 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அவற்றின் வேலை மந்தமாகிவிடும். நெல் வைக்கோலில் இருப்பது 3, 4 விழுக்காடுதான். போதாததற்கு அதில் மணல்சத்தான சிலிக்கா அதிகம், ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், செல்லுலோஸைச் சுற்றி லிக்னின் என்ற கட்டைப் பொருள் இறுகிக் கிடக்கும். வெறும் வைக்கோலை வயிறு முட்டத் தின்ற மாடு எலும்பும் தோலுமாக நிற்பது இதனால்தான். அதன் வயிறு நிறைந்திருக்கிறது, நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்கின்றன.

இதற்கு மலிவான மருந்து யூரியா. வைக்கோலின் மேல் பதப்படுத்தப் பயன்படும் யூரியாவைச் சொல்கிறேன். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 40 முதல் 65 லிட்டர் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து, காற்றுப் புகாமல் பாலித்தீன் தாளால் மூடி 21 நாள் வைக்க வேண்டும். வைக்கோலில் இருக்கும் நொதி யூரியாவை அம்மோனியாவாக மாற்றும். அம்மோனியா லிக்னினின் பிடியைத் தளர்த்தும், புரத அளவும் இரண்டு மடங்குக்கு ஏறும். பிரித்தவுடன் மூக்கைத் துளைக்கும் நெடி அடிக்கும். கொஞ்ச நேரம் ஆறவிட்டுப் போட்டால் மாடு மஞ்சள் பழுப்பாக மாறிய அந்த வைக்கோலை விரும்பித் தின்னும். யூரியாவை நேராகத் தீவனத்தில் கலப்பதோ, தொட்டித் தண்ணீரில் கரைப்பதோ மாட்டைக் கொன்றுவிடக்கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கும், அசை போடாத பிராணிகளுக்கும் பதப்படுத்திய வைக்கோலும் கூடாது. இந்த முறை எழுபதுகளிலிருந்து ஆராய்ச்சி நிலையங்களில் பேசப்படுகிறது, ஆனால் வீடுகளில் அதிகம் பரவவில்லை. ஒரே நாளில் ஒரு குவிண்டால் வைக்கோலை நனைத்து மிதித்து மூட ஆள் வேண்டும் என்பது ஒரு காரணம். வைக்கோலோடு கூடவே போதுமான அளவுக்கு அகத்தியோ வேலிமசாலோ போட முடிந்தால் யூரியாவே தேவையில்லை என்பது இன்னொரு காரணம். எனக்கு இரண்டாவது வழிதான் பிடித்தமானது.

ஏக்கருக்கு இரண்டு டன் நெல் விளைந்தால் ஏறக்குறைய அதே எடைக்கு வைக்கோலும் விளையும். ஒரு பசு தினம் ஐந்தரைக் கிலோ தின்றால் வருடத்துக்கு இரண்டு டன். ஆக, ஒரு ஏக்கரின் ஒரு போகத்து வைக்கோல் ஒரு பசுவின் ஒரு வருடத்து உலர்தீவனம். கையால் அறுத்துக் களத்தில் அடித்த காலத்தில் அந்த வைக்கோல் முழுதாக வீடு வந்து சேர்ந்தது. இன்று அறுவடை இயந்திரம் தாளை நறுக்கி வயலிலேயே தூவிவிட்டுப் போகிறது. கட்டு கட்டும் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்க முடியாதவர் அதை விட்டுவிடுகிறார், சிலர் கொளுத்துகிறார்கள், பிறகு அதே ஊரில் வைக்கோல் கட்டை விலைக்கு வாங்குகிறார்கள். கூட்டுறவுச் சங்கங்களிடம் கட்டு கட்டும் இயந்திரம் அறுவடை நேரத்தில் வாடகைக்குக் கிடைப்பது, ஒரு புதிய மாட்டுக் கடன் திட்டத்தைவிடச் சிறு விவசாயிக்கு அதிகம் உதவும் என்று உறுதியாக நம்புகிறேன்.

பயறுவகைத் தீவனம் என்று மேலே சொன்னேன். வேலிமசால், குதிரைமசால், தட்டைப்பயறு, அகத்தி, சவுண்டல். இவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால், இலையில் புரதம் 20 விழுக்காட்டையும் தாண்டும். 8 முதல் 10 கிலோ பயறுவகைப் பசுந்தீவனம் 1 கிலோ அடர்தீவனத்துக்கு ஈடு என்பது கால்நடை மருத்துவர்கள் கையாளும் கணக்கு. மூன்று வரிசை புல்லுக்கு ஒரு வரிசை வேலிமசால் என்று நட்டால் இரண்டையும் ஒன்றாக அறுத்துப் போடலாம். சவுண்டலில் ஒரு எச்சரிக்கை உண்டு. அதன் இலையில் இருக்கும் மைமோசின் என்ற நச்சு அதிகமானால் மயிர் உதிரும், கழுத்து வீங்கும். ஆஸ்திரேலியாவில் சவுண்டல் தின்ற மாடுகள் இப்படி நோய்ப்பட்டபோது, ஹவாய்த் தீவு ஆடுகள் அதே இலையைத் தின்று நலமாக இருப்பதை ரேமண்ட் ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி கவனித்தார். அந்த ஆடுகளின் இரைப்பையில் மைமோசினின் நச்சை முறிக்கும் ஒரு பாக்டீரியா இருந்தது. அதை ஆஸ்திரேலிய மாடுகளுக்குச் செலுத்தியபோது அவையும் தேறின. பாக்டீரியாவுக்குப் பின்னாளில் அவர் பெயரையே வைத்தார்கள். நம் ஊரில் சவுண்டலைப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடாமல் இருந்தால் பயமில்லை. சோளத்துக்கும் ஒரு பயம் உண்டு. முழங்கால் உயர இளஞ்சோளத்திலும், மழையில்லாமல் வாடிப்போன சோளத்திலும் ஹைட்ரோசயனிக் அமிலம் இருக்கும். அவிழ்த்துக்கொண்டு ஓடி அதை மேய்ந்த மாடு சற்று நேரத்தில் சாய்ந்துவிடுவதைக் கிராமத்தார் அறிவார்கள். பூக்கும் பருவத்துக்குப் பின் அறுத்தால் அந்த ஆபத்து பெரும்பாலும் இல்லை.

தீவனத்துக்கும் பாலின் விலைக்கும் நேரடித் தொடர்பு ஒன்று இருக்கிறது. பால் சங்கத்தில் விலையைத் தீர்மானிப்பது அளவு மட்டுமல்ல, கொழுப்பும் கொழுப்பற்ற திடப்பொருளும்தான். பாலின் கொழுப்பில் கணிசமான பகுதி, நார்ச்சத்து புளிக்கும்போது வரும் அசிட்டிக் அமிலத்திலிருந்து உருவாகிறது. புல்லையும் சோளத்தட்டையும் குறைத்து, அரிசிக் கஞ்சியும் மாவும் அதிகம் வைத்தால் பாலின் அளவு ஏறினாலும் கொழுப்பு இறங்கிவிடும், இரைப்பையில் புளிப்பும் ஏறும். பொங்கலன்றும் கல்யாண வீட்டு மறுநாளும் மிஞ்சிய சோற்றை அள்ளி வைத்துவிட்டு, மாடு அசை போடாமல் படுத்துவிட்டது என்று மருத்துவரைக் கூப்பிடுவது இதனால்தான். மாட்டுக்கு அன்புடன் தர வேண்டியது சோறு அல்ல, நல்ல தட்டு.

வயல் மாட்டுக்குக் கொடுத்ததைப் பேசினோம். மாடு வயலுக்குத் திருப்புவது என்ன?

பசு ஒன்று நாளுக்குப் பன்னிரண்டு கிலோ சாணி போட்டால் இரண்டு மாட்டில் வருடத்துக்கு எட்டரை டன்னுக்கு மேல். மட்கிக் குப்பையாகும்போது பாதியாகி நான்கு, ஐந்து டன் தேறும். ஏக்கருக்கு ஐந்து டன் தொழுவுரம் என்பது வேளாண் துறையின் பரிந்துரை. ஆக, இரண்டு மாடு ஒரு ஏக்கருக்குக் குப்பை கொடுக்கும். தொழுவுரத்தில் சராசரியாக அரை விழுக்காடு நைட்ரஜன், 0.2 விழுக்காடு பாஸ்பரஸ் சத்து, அரை விழுக்காடு பொட்டாஷ். ஐந்து டன்னில் நைட்ரஜன் 25 கிலோ, அதாவது 45 கிலோ யூரியா மூட்டையில் ஒன்றேகால். அரசு மானியத்தில் ஒரு மூட்டை யூரியா 266 ரூபாய் 50 காசு. நைட்ரஜனை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் ஐந்து டன் குப்பையின் மதிப்பு முந்நூற்றுச் சொச்சம், அதை வயலுக்கு ஏற்றிச் செல்லும் டிராக்டர் வாடகைக்குக்கூடக் காணாது. இயற்கை வேளாண்மையைப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைத் தொடாமல் போவது சரியல்ல. பதில் வேறு இடத்தில் இருக்கிறது. யூரியாவில் இருக்கும் கரிமம் மண்ணில் தங்குவதில்லை. குப்பையில் வரும் கரிமம்தான் மண்துகள்களைக் கட்டிவைக்கிறது, தண்ணீரைப் பிடிக்கிறது, போட்ட ரசாயன உரத்தையும் வேர் எட்டும் ஆழத்தில் நிறுத்துகிறது. கோயம்புத்தூரில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை வயல் இன்றுவரை நடக்கிறது. ஒரே நிலத்தில் சில பாத்திகளுக்குத் தொழுவுரம், சிலவற்றுக்கு ரசாயன உரம், சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லை என்று நூறு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். தொழுவுரம் கண்ட பாத்தியின் மண்ணில் கரிமம் நின்றது. ஒரு போகத்தின் விளைச்சலில் தெரியாத இந்த வித்தியாசம், மழை பத்து நாள் தள்ளிப்போகும் வருடத்தில் பயிர் வாடுவதா நிற்பதா என்பதில் தெரியும்.

ஆனால் பல கொட்டகைகளில் குப்பையின் பாதிச் சத்து வயலுக்கே வருவதில்லை. மாட்டின் உடலைவிட்டு வெளியேறும் பொட்டாஷில் பெரும்பங்கும் நைட்ரஜனில் பாதியளவும் மூத்திரத்தில்தான் இருக்கின்றன. மண்தரையில் அது ஊறிப் போய்விடுகிறது. மூத்திரத்தில் இருக்கும் யூரியா சில மணி நேரத்திலேயே அம்மோனியாவாகி ஆவியாகத் தொடங்கும், காலையில் கொட்டகைக்குள் நுழைந்தால் கண் எரிவது அதனால்தான். வெயிலில் திறந்து கிடக்கும் குப்பைமேட்டிலும் இதே இழப்பு. மாடு நிற்கும் இடத்தில் சரிவான தரையும் ஓரத்தில் சிறு வாய்க்காலும் அமைத்து, மாடு கழித்த வைக்கோலையும் சருகையும் படுக்கையாகப் போட்டு, நனைந்ததை அள்ளி நிழலில் குழியில் இட்டு, மேலே ஒரு சாண் மண் மூடினால் போதும். இதற்கு மானியமும் வேண்டாம், பயிற்சி முகாமும் வேண்டாம். சாண எரிவாயுக் கலன் வைத்திருப்பவருக்கு இன்னொரு லாபமும் உண்டு. 25 கிலோ சாணத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கன மீட்டர் எரிவாயு வருகிறது, அடுப்பு எரிகிறது, ஆனால் நைட்ரஜன் எரிவதில்லை. அது கழிவுக் கரைசலில் அப்படியே வயலுக்குப் போகிறது. வரட்டி தட்டி எரித்தால் போவது கரிமமும் நைட்ரஜனும் இரண்டுமே.

‘ஆட்டு எரு அந்த வருடம், மாட்டு எரு மறு வருடம்’ என்பது ஊர்ச்சொல். இதன் பின்னால் நல்ல மண்ணியல் இருக்கிறது. ஆட்டுப் புழுக்கையில் ஈரம் குறைவு, நைட்ரஜன் அதிகம், 3 விழுக்காடு வரை இருக்கும். கரிமத்தோடு ஒப்பிடும்போது நைட்ரஜன் கூடுதலாக இருந்தால் மண்ணின் நுண்ணுயிர்கள் அதை விரைவாக உடைத்துப் பயிருக்கு விடும். நார் மிகுந்த மாட்டுச் சாணத்தை உடைக்க அவற்றுக்குக் காலம் வேண்டும். இந்த அறிவின் மீது நிற்கும் ஒரு பொருளாதாரமே நம்மிடம் இருக்கிறது. சம்பா அறுவடை முடிந்த தை, மாசியில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஆட்டு மந்தைக்காரர்களான கீதாரிகள் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு காவிரிப் படுகைக்கு வருகிறார்கள். பகலில் ஆடுகள் அறுத்த தாளடியையும் வரப்புப் புல்லையும் மேயும். இரவில் வயல்காரர் கேட்ட இடத்தில் வலை கட்டிக் கிடை போடுவார்கள். அடுத்த இரவு வலை பக்கத்துத் துண்டுக்கு நகரும். ஒரு துண்டும் விடாமல் புழுக்கையும் மூத்திரமும் விழுந்து, குளம்பு மிதித்து மண்ணோடு சேர்ந்துவிடும். குழியில் மட்கவைத்து, வண்டியேற்றி, கொட்டிப் பரப்பும் செலவு எதுவும் இல்லை. கிடை எழுந்த வயலை உடனே உழுதுவிட வேண்டும் என்று பெரியவர்கள் வற்புறுத்துவது, மேலே சொன்ன அம்மோனியா ஆவியாவதற்குள் மண்ணுக்குள் புதைப்பதற்காக. வயல்காரருக்கு உரம், கீதாரிக்குக் கிடைக்கூலியும் மேய்ச்சலும். ஒரே ஆளிடம் ஆடும் வயலும் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமலே இருவருக்கும் வருமானம் வரும் ஏற்பாடு இது. ஆனால் கோடையில் உளுந்தும் பயறும் போடும் வயலில் ஆடு மேய முடியாது, வேலி போட்ட மனைகள் நடுவே மந்தை நடக்க வழியில்லை. கீதாரிகளின் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரத் தயங்குவதில் வியப்பில்லை.

தண்ணீர் இல்லாத நாட்டுக்கு வேறு வழி உண்டு என்றேன். அது காங்கேயம், தாராபுரம், கரூர்ப் பக்கத்துக் கொறங்காடு. சரளை கலந்த செம்மண், வருடத்துக்கு அறுநூறு, எழுநூறு மில்லிமீட்டர் மழை. நெல்லை நினைத்துப் பார்க்க முடியாத இந்த மண்ணில் கொங்கு விவசாயிகள் மூன்றடுக்கு மேய்ச்சல் நிலத்தை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். கீழே கொழுக்கட்டைப் புல். மேலே ஆங்காங்கே வெள்வேல மரம். சுற்றிலும் கிளுவை முள் வேலி. கொழுக்கட்டைப் புல்லின் வேர் ஆழமாக இறங்குவதால் கோடையில் காய்ந்து கருகினாலும் ஒரு மழைக்குத் துளிர்க்கும். வெள்வேலம் நிழல் கொடுக்கும், புல் இல்லாத மாதங்களில் புரதம் நிறைந்த காயை உதிர்க்கும், ஆடுகள் அதைப் பொறுக்கித் தின்னும். கிளுவை வேலிக்குள் ஆட்டையோ மாட்டையோ விட்டுவிட்டு, மேய்க்க ஆள் வைக்காமல், வீட்டுக்காரர் வேறு வேலைக்குப் போகலாம். காட்டைத் துண்டுகளாக வேலியடைத்து ஒன்றை மேயவிட்டு மற்றதை ஆறவிடுவார்கள். புல்லின் இலைப்பரப்பு மீண்டால்தான் வேருக்கு உணவு சேரும் என்ற தாவரவியலை அவர்கள் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை. காங்கேயம் பசு தினம் ஒன்றிரண்டு லிட்டர்தான் கறக்கும். பால் கணக்குப் பார்த்தால் அது தோற்றுவிடும். ஆனால் அதற்கு அடர்தீவனச் செலவு மிகக் குறைவு, நோய்ச் செலவும் குறைவு, கன்றும் காளையும் நல்ல விலைக்குப் போகும். செலவு குறைந்த சிறு வரவு, செலவு மிகுந்த பெரு வரவைவிடக் கையில் அதிகம் நிற்கும் என்பதற்குக் கொறங்காட்டைவிட நல்ல சான்று தமிழ்நாட்டில் எனக்குத் தெரியாது. மனைகளுக்கும் ஆலைகளுக்கும் அந்த நிலம் போய்க்கொண்டிருப்பது, மறுபடி உருவாக்க முடியாத இழப்பு.

பயிர் வருமானம் வருடத்துக்கு இரண்டு தடவை வரும். பால் பணம் பத்து நாளுக்கோ பதினைந்து நாளுக்கோ ஒரு முறை வரும். வெள்ளாடு, ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்கும் திடீர் மருத்துவச் செலவுக்கும் விற்க முடிகிற சொத்து. கோழி முட்டை அன்றாடச் செலவுக்கு. இந்தக் கால ஒழுங்குக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. உரம் வாங்கக் கந்துவட்டிக்குப் போகாத விவசாயி, நெல்லை அறுவடை நாளிலேயே அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டியதில்லை. அந்த லாபம் நெல்லின் கணக்கில் ஏறும், ஆனால் சம்பாதித்துக் கொடுத்தது மாடு.

இதற்கு எதிரே நிற்கும் இழப்புகளில் பெரியது நோய் அல்ல, காத்திருப்பு. பசுவின் சினைப்பருவச் சுழற்சி 21 நாள். ஒரு சுழற்சியைத் தவறவிட்டால் 21 நாள் தீவனம் தண்டம். நல்ல பராமரிப்பில் பசு பன்னிரண்டு, பதின்மூன்று மாதத்துக்கு ஒரு கன்று போட வேண்டும். பதினெட்டு மாதம் ஆகிற வீடுகள் ஏராளம். அறிகுறி பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் தெரியும், கோடை வெப்பத்தில் தெரியாமலே போகும். காலையில் கத்திய மாட்டுக்கு மாலையிலும், மாலையில் கத்தியதற்கு மறுநாள் காலையிலும் சினை ஊசி போட வேண்டும். இதைக் கவனிக்கிற கண் வீட்டில் இருப்பதுதான் முக்கியம். தாது உப்புக் கலவை தினம் முப்பது, ஐம்பது கிராம் தீவனத்தில் சேர்த்தால் பருவம் தவறாமல் வரும் வாய்ப்பு கூடும். கோமாரிக்கும், ஆட்டுக்கொல்லி நோய்க்கும் அரசு மருத்துவமனையில் தடுப்பூசி உண்டு. அதைப் போடாமல் விட்டு ஒரு மாட்டை இழந்தால் மூன்று வருட லாபம் போய்விடும்.

அந்தக் கண் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணுடையது. புல் அறுப்பது, சுமப்பது, கழுநீர் வைப்பது, கறப்பது, சாணி அள்ளுவது, கன்றைப் பிடித்துக் கட்டுவது என்று நாளில் நான்கைந்து மணி நேரம் அவளுக்கு இதில் போகிறது. ஒருங்கிணைந்த பண்ணையத்தைப் பற்றிய கையேடுகள் மாட்டையும் மண்புழுவையும் அசோலாவையும் மீனையும் அம்புக்குறி போட்டு இணைத்துக் காட்டுகின்றன. ஒவ்வொரு அம்புக்குறியையும் தலையில் சுமக்கிறவள் அந்தப் படத்தில் இல்லை. ஒரு குடும்பத்தால் தாங்க முடிகிற உறுப்புகளின் எண்ணிக்கைக்கு எல்லை இருக்கிறது. இரண்டு ஏக்கரில் ஏழு தொழிலை வைத்து மாதிரிப் பண்ணை காட்டலாம், குடும்பம் நடத்த முடியாது. இரண்டு மாடு, நான்கு ஆடு, பத்துக் கோழி, பத்து இருபது சென்ட் புல், வரப்பில் அகத்தி. இதற்கு மேல் போகும்போது கூலி ஆள் வருகிறார், அவர் வந்தவுடன் மேலே போட்ட கணக்கெல்லாம் மாறிவிடுகிறது. பால் சங்கத்தில் உறுப்பினர் பெயரும் வங்கிக் கணக்கும் கறக்கிறவளின் பெயரில் இருக்க வேண்டும். இது நியாயத்துக்காக மட்டுமல்ல. பால் பணத்தைத் தன் கையில் வாங்குகிறவள்தான் எந்த மாடு தின்பதற்கு ஈடாகக் கறக்கவில்லை என்பதை முதலில் சொல்வாள்.

மீத்தேனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அசையூண் இரைப்பையில் நார் புளிக்கும்போது மீத்தேன் வெளியேறுவது உண்மை, அது பூமியைச் சூடாக்குவதும் உண்மை. வெறும் வைக்கோல் தின்று இரண்டு லிட்டர் கறக்கும் கலப்பின மாடு, பயறுவகைத் தீவனம் சேர்த்துத் தின்று எட்டு லிட்டர் கறக்கும் மாட்டைவிட லிட்டருக்கு அதிக மீத்தேனை வெளியேற்றும். தீவனம் மேம்பட்டால் விவசாயியின் வருமானமும் காற்றின் நிலையும் ஒரே திசையில் நகரும்.

மாடு வாங்க நினைப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கடன் விண்ணப்பத்தை நிரப்பும் முன், சந்தைக்குப் போகும் முன், கிணற்றோரம் பத்து சென்ட்டில் புல் கரணையை நடுங்கள், பக்கத்தில் ஒரு வரிசை வேலிமசால் விதையுங்கள், வரப்பில் அகத்தி ஊன்றுங்கள். நட்ட புல் முதல் அறுப்புக்கு வர 75 முதல் 80 நாள் ஆகும், அதற்குப் பிறகு 45 நாளுக்கு ஒரு முறை அறுக்கலாம். மாட்டை அந்த முதல் அறுப்பு நாளில் வீட்டுக்கு ஓட்டி வாருங்கள்.